பச்சைக் கேற், நாய் கடிக்காது

எங்கள் ஒழுங்கையைப் படம் பிடிக்க வருகிறவர்களில் ஒருவராவது கூரையில் ஏறி ஒழுக்குப் பார்த்துத் தந்ததில்லை. வருவார்கள், வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், "எவ்வளவு வடிவான வீடு அன்ரி" என்பார்கள், போய்விடுவார்கள். வடிவுதான். மழைக்கு ஆறு இடத்தில் வாளி வைக்கிற வடிவு. கறையான் தின்ற யன்னலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் திறக்கிற வடிவு. ஒருமுறை ஒரு பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறதாம், நாடாவைக் கொண்டுவந்து என் முன்கதவை அளந்துவிட்டு, "இப்பிடி மரம் இனிக் கிடைக்காது, கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனது. நான் அந்தக் கதவைத் திறந்து பூட்டத் தொடங்கி அறுபது வருடமாகிறது.

வவுனியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் ஒழுங்கை. ரயில்வேயிலும் அரசாங்கக் கச்சேரியிலும் வேலை செய்தவர்கள் கட்டிய பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். சுண்ணாம்புச் சாந்துச் சுவர், உயர்ந்த அத்திவாரம், வாசலுக்கு ஏழு படி. வன்னியில் மற்ற ஊர்களில் வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்த காலத்தில் இந்த ஒழுங்கை எப்படியோ தப்பிவிட்டது. தப்பியதற்காகத்தான் இப்போது இதற்குப் 'பழமை வாய்ந்த குடியிருப்பு' என்று பெயர். நாங்கள் மாநகரம் ஆகிவிட்டோமாம். மாநகரத்துக்குக் காட்ட ஒரு பழைய தெரு வேண்டுமாம். ஒழுங்கை முகப்பில் பலகை நட்டார்கள். நட வந்தவர்களுக்கு நான்தான் தேத்தண்ணி கொடுத்தேன். அப்படியே அந்த வாய்க்காலையும் துப்புரவாக்கிவிடுங்கோ தம்பி என்று கேட்டேன். அது வேறு பகுதியின் வேலையாம்.

இந்த ஒழுங்கையில் வீட்டு இலக்கத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. கட்டி முடித்த ஒழுங்கில் இலக்கம் கொடுத்துவிட்டார்கள். அதனால் நாலுக்குப் பக்கத்தில் பதினொன்று, பதினொன்றுக்கு எதிரில் இரண்டு. புதிதாக வரும் தபால்காரர் எவரும் முதல் மாதம் தலையைச் சொறிந்துகொண்டுதான் திரிவார். எங்களுக்குக் கேற்றின் நிறம்தான் விலாசம். மஞ்சள் கேற் ரீச்சர், நீலக் கேற் டொக்டர், சாம்பல் கேற் கிழவனார். கலியாண அழைப்பிதழிலேயே 'மஞ்சள் கேற்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் நிறத்தை இன்னொரு வீடு எடுக்காது. தன் நிறத்தையும் மாற்றாது. ஒருவரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் நீலக் கேற்றுக்காரரின் மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்து வெள்ளை அடிக்கப் போகிறேன் என்றபோது ஒழுங்கையே திரண்டு போய்ச் சண்டை பிடித்தது. அவர் அடுத்த கிழமையே விமானம் ஏறிவிட்டார்.

நாங்கள் பச்சைக் கேற். என் அப்பா ரயில்வேக்காரர். ரயில் நிலையத்து இருக்கைகளும் எங்கள் கேற்றும் ஒரே பச்சை. அந்தப் பெயின்ற் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. காலையில் ஏழு படி இறங்கிக் கேற்றைத் திறந்து, ஏழு படி ஏறி வந்து கதிரையில் இருந்தால் பத்து மணிவரை எழும்ப மனம் வராது. என் மகள் கலியாணம் முடித்துக் கிளிநொச்சியில் இருக்கிறாள். புது வீடு, தரையோடு தரையாக மாபிள் போட்ட வீடு. "அம்மா, இஞ்ச வாங்கோ. ஒரு படியும் இல்லை. குசினிக்குப் பக்கத்திலயே பாத்ரூம். மாமிக்கும் ஒரு அறை ஒதுக்கி வைச்சிருக்கிறன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்லுவாள். ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாரியில் குசினிக் கூரை ஒரு பக்கம் இறங்கியது. ஓடு மாற்ற ஆள் கேட்டால், பழைய ஓடு இப்போது செய்வதில்லை, தகரம் போடுங்கோ என்கிறார்கள். தகரம் போடக்கூடாது என்று பலகை நட்டவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு வெறுத்துப் போனது. விற்றுவிடுவோம் என்று மகளிடம் நானே சொன்னேன்.

வாங்க ஆளும் வந்தார். நகரத்தில் தளபாடக் கடை வைத்திருப்பவர். வீட்டை இடிக்க மாட்டாராம், வெளியூர்க்காரர் வந்து தங்குகிற விடுதி ஆக்கப் போகிறாராம். "பழைய வீடெண்டதாலதான் அன்ரி வாங்கிறன். சுவரில கை வைக்க மாட்டன். நீங்கள் இந்தப் படியில ஏறி இறங்கிக் கஷ்டப்படுறதைப் பாக்க எனக்கே கவலையாக் கிடக்கு" என்றார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். பிறகு கேற்றடிக்குப் போய்க் கையால் அகலம் பார்த்தார். "இதை மட்டும் எடுக்கவேணும். ஆக்களை ஏத்திவாற வான் உள்ள வராது."

கதவு பழமை, யன்னல் பழமை, சுவர் பழமை. கேற் வெறும் இரும்பு. அதைக் காக்க ஒரு பலகையும் இல்லை. அதைக் காக்க இந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

மகள் அறை ஒதுக்கி வைத்திருக்கிற மாமி என் கணவரின் அக்கா. எனக்கு மச்சாள். அவர்கள் முல்லைத்தீவுக் கரையோரம் மீன்பிடித்த வேதக்கார ஆட்கள். என் கணவர் மட்டும் படித்து உத்தியோகத்துக்கு வந்து, என்னைக் கலியாணம் முடித்து, என் சீதன வீடான இதிலேயே இருந்துவிட்டார். அவரும் காலமாகி நாலைந்து வருடம். இப்போது நானும் மச்சாளும் ஒரு நாயும்தான். வீடு விற்கிற கதையை எடுத்ததும் மச்சாள் கத்தவில்லை, அழவில்லை. "நீ போ பிள்ளை. நான் இருப்பன்" என்றார்.

"வித்த வீட்டில எப்பிடி மச்சாள் இருக்கிறது?"

"கேற்றடியில இருப்பன்."

விசர்க்கதை என்று வெளியில் இருப்பவருக்குத் தோன்றும். எனக்குத் தோன்றாது. அந்தக் கேற்றைத் தேடி ஒருத்தி வரவேண்டியிருக்கிறது.

மச்சாளுக்கு ஒரே பிள்ளை, வயது போய்க் கிடைத்த மகள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு பிறந்தவள். கடைசி யுத்தத்தில் கரையோரமாகத் தரப்பாள் கூடாரம் கட்டிக் கட்டி நகர்ந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அந்த நாட்களில் அங்கிருந்த தாய்மார் எல்லாரும் செய்த வேலை ஒன்று உண்டு. எங்கே கை விட்டுப் போகும் என்று தெரியாது. அதனால், இடியாமல் நிற்கிற ஊரில் ஒரு வீட்டைப் பிள்ளைக்குப் பாடமாக்கி வைத்தார்கள். செபமாலை சொல்லி முடித்தவுடன் மச்சாள் கேட்பாராம், "துலைஞ்சு போனால் எங்க போகவேணும்?" பிள்ளை சொல்லுமாம்: "வவுனியா. ஸ்டேசனுக்குப் பின்னால. பச்சைக் கேற். மாமா வீடு."

இலக்கம் இல்லை. ஒழுங்கையின் பெயரும் இல்லை. அவர் தம்பி சொல்லிக்கொடுத்த விலாசம் அதுதான். எங்களுக்கே இலக்கம் சரியாகத் தெரியாதபோது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைக்கு நாய்ப்பயம். "நாய் நிக்குதோ அங்க?" என்று ஒவ்வொரு நாளும் கேட்குமாம். "நிக்குது, கடிக்காது" என்று மச்சாள் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவும் பாடத்தோடு சேர்ந்துவிட்டது. பச்சைக் கேற், மாமா வீடு, நாய் கடிக்காது. ஒருநாள் கடல்நீரேரியைத் தண்ணீருக்குள்ளால் நடந்து கடந்து வந்த சனத்துக்குள் கை விலகிவிட்டது. மச்சாள் கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை இல்லை. அவ்வளவுதான் கதை. அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

அதனால்தான் இந்த வீட்டில் எப்போதும் நாய் ஒன்று நிற்கவேண்டும், அது கடிக்கவும் கூடாது. எனக்கு நாய் மயிர் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் இது மூன்றாவது நாய். முதலாவது செத்துப்போனது. இரண்டாவது பால்காரரின் காலைக் கவ்விவிட்டது. அன்று பின்னேரமே மச்சாள் அதைத் தண்ணீரூற்று ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். இப்போது இருப்பது சோம்பேறி, குரைக்கவே பஞ்சி.

இதுவரை எழுதியது ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்த கதை. இனி எழுதப்போவது ஒருவருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்த கதை.

அந்த மாதங்களில் வவுனியா முழுவதும் முகாம். ஆஸ்பத்திரி நிறையக் காயக்காரர். என் கணவர் விடிந்தால் முகாம் முகாமாய்ப் போய் முட்கம்பிக்கு வெளியில் நின்று அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்துவார், பின்னேரம் குரல் அடைத்து வருவார். அவர் அங்கே போகிறார், இங்கே சனம் வருகிறது. கரையோரத்துச் சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், அவரோடு படித்தவர், அவர் பெயரைக் கேள்விப்பட்டவர். எல்லாருக்கும் அவர் ஒரே அடையாளத்தைத்தான் சொல்லி வைத்திருந்தார். பச்சைக் கேற். ஒருவர் ஒரு நாள் தங்குவார், ஒருவர் பத்து நாள். வருகிறவரையெல்லாம் பொலிசில் பதிய வேண்டும், பதியாவிட்டால் விசாரணை. ஒருநாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம்தான் விட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று அவர் எனக்குச் சொல்லவே இல்லை. மகளுக்கு அந்த வருடம் பரீட்சை. அவள் குசினிக்குள் அரிசி மூட்டைக்கு மேல் இருந்து படித்தாள். நான் பானை பானையாய்ச் சோறு வடித்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொல்லுகிறவர்கள் சோறு வடிக்கிறவர்கள் இல்லை.

எனக்குப் பயம். பயத்தைவிடக் களைப்பு. களைப்பு வந்தால் இரக்கம் போய்விடுகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை. ஒருநாள் காலையில் வந்திருந்த குடும்பம் ஒன்று வேறு சொந்தக்காரரிடம் போய்விட்டது. அவர் முகாமுக்குப் போய்விட்டார், மகள் பள்ளிக்கூடம். வீட்டில் நான் தனியே. எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டில் சத்தம் இல்லை. நான் கடைக்குப் போய் ஒரு ரின் மண்ணிறப் பெயின்ற் வாங்கி வந்தேன். நானே நின்று கேற்றுக்கு அடித்தேன்.

எதற்காக அடிக்கிறேன் என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும். ஒழுங்கையில் மண்ணிறக் கேற் இல்லை. மண்ணிறக் கேற்றைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். மஞ்சள் கேற் ரீச்சர் பார்த்துவிட்டு, "என்ன இது, நிறம் மாத்துறீர்?" என்று கேட்டார். துருவுக்கு முதலில் இதை அடித்துவிட்டுப் பிறகு பச்சை அடிக்க வேண்டுமாம் என்று சொன்னேன். வாயில் வந்த பொய். அவர் தன் கேற்றுக்குள் போய்விட்டார்.

அடித்து முடித்து உள்ளே போய் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு நின்றேன். மதியம். முன் யன்னல் பாதி சாத்தியிருந்தது. ஒழுங்கையில் ஆட்கள் வந்து நிற்கிற சத்தம். ஒரு பொம்பிளைக் குரல் கேட்டது: "பச்சைக் கேற் இதில ஒண்டும் இல்லையே." ஒரு ஆம்பிளை, "வேற ஒழுங்கையாக்கும், வா" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சை இன்றுவரை என்னால் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் என் கணவர் ஓட்டோவில் மச்சாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முகாமில் கண்டுபிடித்து, வயதான தாய்போல மெலிந்து போனவரைப் பொறுப்பு எழுதிக் கொடுத்து எடுத்து வந்திருந்தார். மச்சாள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. "தம்பி, கேற் பச்சையெல்லோ?" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நிறம் மாறிய அன்றைக்கே அவர் பார்த்தவர்தான். என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் முந்திக்கொண்டு, "அது எப்பவோ மாத்தினது மச்சாள்" என்றேன். எப்பவோ மாற்றியது என்றால் ஒருவரின் பிழையும் இல்லைத்தானே. அன்று பின்னேரம்தான் மச்சாள் பிள்ளையின் கதையைச் சொன்னார். வவுனியா, ஸ்டேசனுக்குப் பின்னால், பச்சைக் கேற். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் நகத்துக்குள் மண்ணிறம் இன்னும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் திரும்பவும் பச்சை அடித்தார். மொத்தமாக எட்டே நாள் எங்கள் கேற் மண்ணிறமாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மாதா கோயில் திருவிழாவுக்கு முதல் கேற்றுக்குப் பச்சை அடிக்கிறோம். ஒழுங்கையில் எங்கள் கேற் மட்டும்தான் எப்போதும் புதிதாக மினுங்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது பிடிக்காது. "கேற்தான் கொஞ்சம் புதுசாத் தெரியுது அன்ரி" என்பார்கள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். மச்சாள் பெயின்ற் என்ற சொல்லை எடுத்தாலே நான் குசினிக்குள் போய்விடுவேன். அவர் ஒவ்வொரு காணாமற்போனோர் விசாரணைக்கும் போய்ப் பெயர் கொடுப்பார். நான் கூடப் போய்ப் படிவம் நிரப்புவேன். கடைசியாகக் கண்ட இடம், அணிந்திருந்த உடுப்பு, அங்க அடையாளம். நிரப்பி நிரப்பி எனக்குப் பாடம். வேறு ஏதாவது தகவல் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அதில் நான் ஒரு கோடு இழுத்துவிடுவேன்.

இந்தத் தளபாடக் கடைக்காரர் வந்த பிறகுதான் எல்லாம் இறுகியது. போன செவ்வாய்க்கிழமை அளவு எடுக்க ஆட்களோடு வருவதாகச் சொன்னார். அவர்களில் ஒருவருக்கு நாய்ப்பயமாம். நாயைப் பின் வளவில் கட்டினேன். அந்த மூன்றாவது நாய் கட்டுப்பட்டதே முதல் தடவை. அதற்கே விளங்கவில்லை, கயிற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. ஆட்கள் வந்து கேற்றைச் சுற்றி நாடா பிடித்தார்கள். சுண்ணாம்பால் சுவரில் இரண்டு கோடு போட்டார்கள். இதுவரைக்கும் உடைக்க வேண்டும். போய்விட்டார்கள்.

மச்சாள் பின்வாசல் குந்தில் இருந்து றால் உடைத்துக்கொண்டிருந்தார். கொக்கிளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் எடுத்த றால். வாங்கும்போது எந்தப் பக்கத்துத் தண்ணியில் பட்டது என்று கேட்டுத்தான் வாங்குவார். கடல் ஆட்கள். நான் ஏழு படியும் ஏறி, வீட்டுக்குள்ளால் நடந்து அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். முழங்கால் கடகட என்றது. இனி மனதிலிருப்பதைக் கொட்டிவிட்டுத்தான் போவது என்று முடிவெடுத்திருந்தேன். பொய்யோடு விட்டுப் போனால் கிளிநொச்சி மாபிளிலும் நித்திரை வராது.

"மச்சாள், கேற்றுக்கு மண்ணிறம் அடிச்சது நான்தான். எப்பவோ எண்டு சொன்னது பொய். நீங்கள் வாறதுக்கு மூண்டு நாளைக்கு முதல் அடிச்சனான்."

அவர் ஒரு றாலின் தலையைக் கிள்ளிச் சட்டிக்குள் போட்டார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு வந்து இறங்கின உடனை கேற்றில கை வைச்சு நிண்டனானெல்லோ. தடிப்பா அடிச்ச பெயின்ற், காயேல்லை. கையில ஒட்டினது. சீலையிலயும் ஒட்டினது. முகாமில குடுத்த சீலை. கழுவியும் போகேல்லை. பெட்டிக்குள்ள கிடக்கு, எடுத்துக் காட்டட்டே?"

இத்தனை வருடம். ஒரே குசினி, ஒரே உலை, ஒரே செபமாலை.

"அப்ப ஏன் மச்சாள் ஒரு நாளும் கேக்கேல்லை?"

"கேட்டா என்ன செய்திருப்பாய்? அழுதிருப்பாய். மன்னிப்புக் கேட்டிருப்பாய். நானும் பாவமெண்டு மன்னிச்சிருப்பன். மனம் லேசானவுடனை வீட்டை வித்துப்போட்டுப் போயிருப்பாய். ஆருக்கு வேணும் உன்ர மன்னிப்பு? எனக்குக் கேற் வேணும்."

சொல்லிவிட்டு அடுத்த றாலை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நான் தேய்ந்து தேய்ந்து போனேன். ஒவ்வொரு படிவத்திலும் கோடு இழுத்து இழுத்துச் செத்தேன். இந்த மனுசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறா. என் குற்றத்தையே கயிறாக்கி என்னைக் கட்டிப்போட்டிருக்கிறா! நல்ல காரியம் நினைத்துச் சொல்ல வந்தவள், கடைசியில் அவரைக் குத்த வேண்டும் என்றுதான் மிச்சத்தைச் சொன்னேன்.

"அப்ப இதையும் கேளுங்கோ. அண்டைக்கு, பெயின்ற் அடிச்ச அண்டைக்கு, மத்தியானம் ரெண்டு பேர் வந்தவை. ஒழுங்கையில நிண்டு பச்சைக் கேற் தேடினவை. இல்லையெண்டு திரும்பிப் போட்டினம். நான் உள்ள நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். கூப்பிடேல்லை."

மச்சாளின் கை நின்றது.

"ஆர்?"

"தெரியாது. ஒரு பொம்பிளை, ஒரு ஆம்பிளை."

"பிள்ளை ஒண்டு நிண்டதே?"

"நான் எட்டிப் பாக்கேல்லை மச்சாள்."

"அழுகிற சத்தம்?"

"கேக்கேல்லை."

"எந்தப் பக்கம் போனவை?"

"ஸ்டேசன் பக்கம்."

அறைவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறைந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் றால் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். கை முழுக்க றால் கோது. முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கலியாண வீட்டுக்கு வருகிறவரின் முகம் போல இருந்தது.

"அப்ப கொண்டுவந்திருக்கினம்" என்றார். "மாதாவே! அப்ப என்ர பிள்ளை கரை ஏறியிருக்கு. உயிரோட இருந்திருக்கு. இடம் சொல்லியிருக்கு. இந்த ஒழுங்கை வரைக்கும் வந்திருக்கு."

"மச்சாள்..."

"அவளுக்கு வழி தெரியுமடி."

அந்த மாதங்களில் பச்சைக் கேற்றைத் தேடி வராத ஆட்கள் இல்லை. அந்த இருவரும் யாராகவும் இருந்திருக்கலாம். சோறு தேடி வந்திருக்கலாம், ஒரு போன் எடுக்க வந்திருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. இத்தனை வருடத்தில் பிள்ளை உயிரோடு இருந்ததற்கு ஒரு சாட்சி இல்லாமல் இருந்தவருக்கு நான் ஒரு சாட்சி கொடுத்துவிட்டேன். குத்துவதற்கென்று நீட்டியதை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மச்சாள் கைகூடக் கழுவாமல் வீட்டைச் சுற்றிக் கேற்றடிக்குப் போனார். சுவரில் போட்டிருந்த இரண்டு சுண்ணாம்புக் கோட்டையும் சீலைத் தலைப்பால் அழித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்த் தளபாடக் கடைக்காரருக்குப் போன் எடுத்து, வீடு விற்கவில்லை என்று சொன்னேன். விலை போதவில்லையா என்று கேட்டார். இல்லைத் தம்பி, ஆள் வர இருக்கு என்றேன். ஆர் அன்ரி என்றார். வைத்துவிட்டேன். மகளுக்கு என்ன சொல்வது என்று ஞாயிறுவரை யோசிக்கலாம்.

முன் விறாந்தைக்கு வந்தேன். ஐந்து வயதுப் பிள்ளை. இப்போது இருபதைத் தாண்டியிருக்கும். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சாள் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, அந்த நாயை ஏன் கட்டி வைச்சிருக்கிறாய்? அவிட்டு விடு. கடிக்காதெண்டு அவளுக்குத் தெரியும்."

நான் ஏழு படியும் இறங்கிப் போய் நாயை அவிழ்த்துவிட்டேன்.